மொய் நோட்டும் கப்பல் சீட்டும்

1924ஆம் ஆண்டு, சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்ற மிகப் பெரிய கடை மணப்பெண்களுக்காக ஒரு புதிய ஏட்டைத் திறந்தது. கல்யாணம் நிச்சயமான பெண் கடைக்கு வந்து, தனக்குப் பிடித்த பீங்கான் தட்டின் பூவேலை எது, வெள்ளிக் கரண்டியின் கைப்பிடி எந்த மாதிரி, கண்ணாடிக் கோப்பை எந்த வகை என்று தேர்ந்தெடுப்பாள். கடை ஊழியர் அதை எழுதி வைத்துக்கொள்வார். பிறகு அவளுடைய மாமாவோ அத்தையோ வந்து, 'இந்தப் பெண்ணுக்கு என்ன வாங்கலாம்?' என்று கேட்டால், ஏட்டைப் புரட்டி, இந்த மாதிரியில் இத்தனை தட்டு வேண்டும், இத்தனை வாங்கியாகிவிட்டது, மீதி இவ்வளவு என்று சொல்வார். வாங்கியதை அடித்துவிடுவார். திருமணப் பரிசுப் பதிவேடு, இன்று எல்லாரும் 'கிஃப்ட் ரெஜிஸ்ட்ரி' என்று சொல்வது, இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஒரே மாதிரியான மூன்று டீ கெண்டிகள் வந்து சேர்வதைத் தடுக்கத்தான் இந்த ஏடு என்பார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதி எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. 12 பேர் உட்கார்ந்து சாப்பிடும் முழுப் பீங்கான் செட்டைத் தனியாக வாங்கித் தர எந்த அத்தையாலும் முடியாது. ஆனால் ஆளுக்கு 2 தட்டு வாங்க முடியும். ஒரே பூவேலை என்பதால் பத்து வீட்டிலிருந்து வந்தாலும் அது ஒரே செட்டாகச் சேர்ந்துவிடும். பெரிய பொருளொன்றைத் துண்டு போட்டு, ஆளுக்கொரு துண்டாக விற்று, கடைசியில் முழுப் பொருளாக்கிக் கொடுக்கும் ஏற்பாடு அது. கேட்பது அநாகரிகம் என்றிருந்த ஊரில் பெண் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை, கடைதான் சொன்னது. பணமாகக் கேட்பதை அமெரிக்க நாகரிகப் புத்தகங்கள் ஏற்றுக்கொள்ளவே இல்லை. அழைப்பிதழில் இந்த ஏட்டைப் பற்றி ஒரு வரி போடுவதுகூடக் கூடாது என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். அது கல்யாணத்துக்கு முன்னால் எழுதப்படும் பட்டியல். எல்லாவற்றையும் அடித்து முடித்ததும் அதன் வேலை முடிந்தது.

அடுத்த 70 ஆண்டுகளில் இந்த ஏற்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. 1993இல் டார்கெட் என்ற அமெரிக்கக் கடைத்தொகுதி இதைக் கணினிக்குக் கொண்டுபோனது. ஜோடி தாங்களே கடையைச் சுற்றி வந்து பட்டியல் போடலாம், விருந்தாளி அதைக் கடையில் இருக்கும் இயந்திரத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். பிறகு இணையம் வந்தது. அதற்குள் அமெரிக்க வாழ்க்கையும் மாறியிருந்தது. முப்பதை ஒட்டிக் கல்யாணம் செய்துகொள்ளும் ஜோடிக்கு, அதுவும் ஏற்கெனவே ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு, ரொட்டி சுடும் இயந்திரம் எதற்கு? வேண்டியதெல்லாம் வீட்டில் இருக்கிறது. இல்லாதது லீவும் பயணச் செலவும்தான்.

2006இல் சாரா, ஜோஷ் மார்குலிஸ் என்ற தம்பதி 'ஹனிஃபண்ட்' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். தங்கள் தேனிலவுக்காக யோசித்ததை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். தட்டுக்குப் பதில் தேனிலவுப் பயணத்தைத் துண்டு போடும் யோசனை. இரண்டு பேருக்குப் படகு சவாரி, ஒரு இரவு ஹோட்டல் வாடகை, கடற்கரையில் ஒரு சாப்பாடு என்று வரிசையாக இருக்கும். விருந்தாளி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டுவார். அதே 2006இல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடையின் பெயர்ப்பலகை இறங்கி, மேசிஸ் என்று மாறியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இந்தத் தற்செயல் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு எஞ்சினியராக இந்தத் தளங்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. படகு சவாரி என்பது வெறும் தலைப்பு. அதன் பின்னால் இருப்பது ஒரு தொகை, ஒரு வங்கிக் கணக்கு. படகில் ஏறாமலேயே அந்தப் பணத்தில் வீட்டு வாடகை கட்டலாம், யாருக்கும் தெரியாது. பணமாகக் கேட்கக்கூடாது என்ற பழைய விதியை மீறாமலேயே பணத்தை வாங்கித்தரும் ஒரு திரை அது. 1924இல் கடை ஊழியர் செய்த வேலையை இப்போது தலைப்பு செய்கிறது.

இந்தத் திரைக்கு உல்லாசக் கப்பலைப்போலப் பொருத்தமான பொருள் வேறில்லை. அறை, சாப்பாடு, கேளிக்கை, ஊர்விட்டு ஊர் போவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. அதற்கு மேலே பால்கனி உள்ள அறை, தனி விருந்து, கரையிறங்கிச் சுற்றிப் பார்ப்பது என்று கூடுதல் துண்டுகள். பல கப்பல் நிறுவனங்களில் வெளியாள் ஒருவர் பயணியின் பெயரில் முன்கூட்டியே பணம் கட்டிவைக்கலாம், அவர் கப்பலுக்குள் அதைச் செலவழித்துக்கொள்வார்.

கப்பல் தேனிலவுக்கான இடமானதும் பழைய கதையில்லை. 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பயணிகளை ஏற்றத் தொடங்கியதும், கடல் கடக்கக் கப்பல் தேவையில்லாமல் போனது. போய்ச் சேர்வதற்கான கப்பல், போய்விட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பி வருவதற்கான கப்பலாக மாறியது. 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி லவ் போட்' தொடர் ஆரம்பித்து, ஒவ்வொரு வாரமும் யாராவது இரண்டு பேரைக் கப்பலில் காதலிக்க வைத்தது. கப்பல் நிறுவனங்களுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது. நம் பக்கத்தில் 1993இல் கெந்திங் குழுமம் ஸ்டார் க்ரூசஸைத் தொடங்கியது. கிள்ளான் துறைமுகத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலாக்கா நீரிணையில் சுற்றி வரும் கப்பல்களை நம்மில் பலர் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். கோவிட் வந்து அந்தக் குழுமத்தின் ஹாங்காங் நிறுவனத்தை 2022 தொடக்கத்தில் கலைப்பு மனு வரை கொண்டுபோனது. அதே ஆண்டு நடுவில் வேறு பெயரில் அவர்கள் கப்பல் மறுபடி சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கியது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் சித்தி மகளின் கல்யாணம். பந்தல், சாப்பாடு, மேளமெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். 'அண்ணே, நீங்க எஞ்சினியர்தானே, எங்களுக்கு ஒரு பேஜ் செஞ்சு கொடுங்க' என்றாள். நான் படித்தது எலக்ட்ரிக்கல். ஆனால் நம் குடும்பங்களில் எஞ்சினியர் என்றால் ஆஸ்ட்ரோ டிஷ் முதல் வருமான வரிப் பாரம் வரை எல்லாம் அவன் தலையில்தான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய் வரும் கப்பல் பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். பால்கனி அறைக்கு 50 வெள்ளித் துண்டுகள், ஒரு விருந்துக்கு 80 வெள்ளி, கரையிறங்கிச் சுற்ற 100 வெள்ளி. கீழே கியூஆர்.

சித்தப்பா கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் தேய்த்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா யாரு யாரு எவ்ளோ போட்டாங்கன்னு இதுல தெரியுமா? நாளைக்கு அவங்க வீட்டு விசேசத்துக்கு நாம திருப்பிச் செய்யணும்ல?"

தங்கை குறுக்கே வந்தாள். "அதெல்லாம் காட்டவே வேணாம்னு நான்தான்ப்பா சொன்னேன். கொடுக்கிறவங்க ஆசைப்பட்டுக் கொடுக்கட்டும். நான் பேர் பார்த்து எழுதி வச்சுக்கிட்டு என்ன கணக்குப்பிள்ளையா?"

இரண்டு பேரும் பேசியது ஒரே பக்கத்தைப் பற்றி. ஆனால் அவர்கள் மனதில் இருந்தவை இரண்டு வேறு பட்டியல்கள். தங்கையின் பட்டியல் சிகாகோவிலிருந்து வந்தது, கல்யாணத்துக்கு முன்னால் எழுதுவது. சித்தப்பாவின் பட்டியல் கல்யாணத்தன்று எழுதப்படுவது, அன்றிலிருந்துதான் அதன் ஆயுள் தொடங்குகிறது. முதலாவது தேவைகளின் பட்டியல், இரண்டாவது கடன்களின் பட்டியல்.

மொய் நோட்டைப் பார்த்திராத தலைமுறை ஒன்று நம்மிடையே வந்துவிட்டதால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்துக் கல்யாணங்களில் மொய் எழுத இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், மற்றவர் எழுதுவார். எண்ணுபவர் எழுதமாட்டார், எழுதுபவர் பணத்தைத் தொடமாட்டார். எந்தத் தணிக்கை அதிகாரியும் சொல்லிக்கொடுக்காமலேயே வந்த ஏற்பாடு. எழுதுகிறவர் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி வாத்தியாராகவோ கிராணியாகவோ இருப்பார், கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. தொகை பெரும்பாலும் ஒற்றைப்படையில் முடியும். 51, 101. அந்த ஒரு வெள்ளி கணக்கை முடியவிடாமல் வைத்திருப்பதற்கு. வாங்கியவர் பிறகு திருப்பிச் செய்யும்போது வாங்கியதற்குச் சமமாகச் செய்தால் உறவை முடித்துக்கொண்டார் என்று அர்த்தம் வந்துவிடும். அதனால் கொஞ்சம் கூட்டிச் செய்வார்கள். இப்போது மறுபக்கம் கடன் ஏறிவிட்டது. இப்படியே மாறி மாறி.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்குப் புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் மொய் விருந்துகள் சாட்சி. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதத்தில் கல்யாணமே இல்லாமல் மொய்க்காக மட்டும் விருந்து வைக்கிறார்கள். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டுச் செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். பழைய மொய், புது மொய் என்று தனித்தனியாக எழுதப்படும். முன்பு நாம் அவர்களுக்குச் செய்தது திரும்ப வருவது பழைய மொய். அதற்கு மேல் அவர்கள் வைப்பது புது மொய், அது நாம் பின்னால் செய்ய வேண்டியது. இப்போது நோட்டுக்குப் பதில் மடிக்கணினி, பணம் எண்ணும் இயந்திரம். அந்தப் பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள் இருக்கிறார்கள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். வங்கி இல்லாத வங்கி. திருப்பிச் செய்யாதவருக்கு ஊரில் முகம் இல்லை. இதை வெறும் அன்பு என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது.

மார்ஷல் ஃபீல்ட்ஸ் தன் ஏட்டைத் திறந்ததற்கு மறு ஆண்டு, 1925இல், பாரிஸில் மார்செல் மோஸ் என்ற சமூகவியலாளரின் அன்பளிப்பு பற்றிய நீண்ட கட்டுரை வெளியானது. பசிபிக் தீவுகளிலும் வடமேற்கு அமெரிக்கப் பழங்குடிகளிடமும் பழைய இந்திய தர்ம நூல்களிலும் தேடி அவர் சொன்னது, சும்மா கொடுக்கப்படும் பொருள் என்று ஒன்று கிடையாது என்பதுதான். கொடுத்தாக வேண்டும், கொடுத்தால் வாங்கியாக வேண்டும், வாங்கினால் திருப்பியாக வேண்டும். மகாபாரதத்தின் அனுசாசன பர்வத்தையெல்லாம் எடுத்துப் பேசுகிற அவருக்கு நம் மொய் நோட்டு ஒன்று கிடைத்திருந்தால் கட்டுரை பாதியாகச் சுருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். உலகம் முழுக்க அன்பளிப்பு ஒரு கடன் என்று ஒருவர் பாரிஸில் எழுதிக்கொண்டிருந்த அதே சமயத்தில், சிகாகோவில் ஒரு கடை அதைக் கடன் இல்லாததாக, வாங்கினால் அடித்துவிடக்கூடியதாக மாற்றிக்கொண்டிருந்தது.

இப்படிக் கைமாற்றுக் கணக்கில் வாழ்ந்த சமூகம் நாம் என்பதற்கு மலேசியச் சட்டப் புத்தகத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு போட்டு, முறைவைத்தோ ஏலம் விட்டோ ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை வியாபாரமாக நடத்தக்கூடாது என்கிற சட்டம். அதன் பெயரிலேயே 'கூட்டு' என்ற தமிழ்ச்சொல் இருக்கிறது. விளக்கத்தில் 'சீட்டு' வருகிறது, சீனர்களின் 'ஹுவே'யும் வருகிறது. மலாய்க்காரர்கள் இன்றும் 'மாயின் குத்து' என்றுதான் சொல்கிறார்கள். எத்தனையோ தோட்டத்துக் கல்யாணங்கள் ஒரு பக்கம் கூட்டுப் பணத்திலும் மறு பக்கம் மொய்யிலும்தான் நடந்தன. கூட்டு எடுத்துப் பந்தல் போடுவார்கள், மொய் வந்ததும் மளிகைக் கடனை அடைப்பார்கள். தேனிலவுக்கு மிஞ்சியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மறுவீட்டுக்குப் பக்கத்துத் தோட்டம் வரை லோரியில் போய் வருவதுதான் பயணம்.

மொய் நோட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. சீர்திருத்தத் திருமணச் சட்டம் 1976இல் நிறைவேறி, 1982 மார்ச் 1ஆம் தேதி முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகுதான் இந்துத் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயமானது. அதற்கு முன்னால் கோயிலிலோ தோட்டத்துப் பந்தலிலோ தாலி கட்டினால் போதும், வழக்கப்படி அது செல்லும். அப்படி நடந்த பல கல்யாணங்களுக்கு எழுத்தில் இருந்த ஒரே ஆதாரம், இன்ன தேதியில் இன்னார் வீட்டுக் கல்யாணத்துக்கு இத்தனை பேர் வந்து இவ்வளவு மொய் செய்தார்கள் என்ற நோட்டுதான். பரிசுப் பதிவேடு என்று இன்று நாம் தமிழாக்கிக்கொள்ளும் சொல், நம் வீட்டில் ஏற்கெனவே ஒரு முறை கல்யாணப் பதிவேடாக இருந்திருக்கிறது.

கப்பலைப் பற்றிப் பாட்டியிடம் சொன்னபோது அவர் கேட்டது வேறு கேள்வி. "கப்பல்ல போறதுக்கு ஊர்க்காரவங்ககிட்ட காசு கேக்கிறீங்களா? எங்கப்பாவ சும்மாத்தானே ஏத்திக்கிட்டு வந்தாங்க."

பாட்டி சொன்னது சரி. அவருடைய அப்பா 1920களில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியபோது டிக்கெட்டுக்குக் கையிலிருந்து காசு கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் 'சும்மா'வுக்குப் பின்னால் ஒரு நிதி இருந்தது. 19ஆம் நூற்றாண்டு முழுக்க ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பயணச் செலவு அவர்கள் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. கங்காணி கொடுத்த முன்பணமும் அப்படித்தான். கரையிறங்கும் போதே ஒரு கடன் வரி யாரோ ஒருவர் ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். முதலாளிகளுக்கும் இதில் ஒரு தலைவலி இருந்தது. ஒரு தோட்டம் செலவழித்துக் கொண்டுவந்த ஆட்களை, செலவே செய்யாத பக்கத்துத் தோட்டம் ஆசைகாட்டி இழுத்துக்கொள்ளும்.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். தமிழர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தன்னிடம் அவர்கள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற கணக்குப்படி நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். ஆள் கொண்டுவந்தவரும் கட்ட வேண்டும், கொண்டுவராதவரும் கட்ட வேண்டும். அந்தப் பொதுப் பணத்திலிருந்து கப்பல் கட்டணம், ஆள் சேர்க்கும் கங்காணியின் படி, முகாம் செலவு எல்லாம் போகும். வருகிறவர் தலையில் பயணக் கடன் இல்லை. அந்த வகையில் அது ஒரு நல்ல மாற்றம், அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டதும், இந்த நிதியும் கங்காணி முறையும்தான் அடுத்த கால் நூற்றாண்டு நம் ஆட்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. 1938இல் இந்திய அரசு உதவிப் பயணத்தைத் தடை செய்யும் வரை இது ஓடியது.

ஆனால் அந்தக் கணக்கை இன்னொரு முறை பார்த்தால், கட்டணத்தின் அளவுகோல் வேலை நாள். ஏற்கெனவே இங்கே வந்து பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்களின் ஒவ்வொரு வேலை நாளும், அடுத்து வரப்போகிறவரின் டிக்கெட்டுக்கு ஒரு துண்டு. ஊர் கூடி ஒருவரைக் கப்பலேற்றும் வேலையை நாம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்திருக்கிறோம். ஒரே வித்தியாசம், யார் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. தோட்டத்தின் பெயரும் நாள் கணக்கும் மட்டும்தான். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நிதியின் மிச்சம் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயரில் தொடர்ந்து, 1999இல் கலைக்கப்பட்டது.

கப்பலும் உல்லாசக் கப்பல் இல்லை. நம் வீடுகளில் அதிகம் சொல்லப்படும் பெயர் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம் 1926இல் கட்டியது. 5000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. இன்றைய உல்லாசக் கப்பல்கள் பலவற்றில் இருப்பதைவிட அதிகமான ஆட்கள், அளவிலோ அவற்றில் ஒரு மூலைதான். பால்கனியாவது, திறந்த மேல்தட்டில் பாய் விரித்த இடம்தான் அறை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை அது போய் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் அதில் தீப்பிடித்துப் பல பயணிகள் இறந்தார்கள், அத்தோடு அந்தக் கப்பல் பயணம் முடிந்தது. நமக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே ஆட்கள் கப்பலில் போய்வந்த காலம் அதோடு போயிற்று. ஸ்டார் க்ரூசஸ் தொடங்கியது அதற்கு 8 ஆண்டுகள் கழித்து. கப்பலில் வந்திறங்கியவரின் பேரப்பிள்ளை கப்பலை விடுமுறைக்கான இடமாக நினைக்க அவ்வளவு குறுகிய காலமே போதுமானதாக இருந்தது.

பணம் சேர்த்துத் தேனிலவுக்குப் போவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பெற்றோர் கூட்டு எடுத்துக் கடனில் கல்யாணம் செய்து, மொய்யில் மளிகைக் கடனை அடைத்த வாழ்க்கையைவிட, இரண்டு பேர் நான்கு நாள் கடலைப் பார்த்துவிட்டு வருவது எவ்வளவோ மேல். எனக்கு இடறுவது பெயரைக் காட்ட வேண்டாம் என்ற அந்த ஒரு தெரிவுதான். தங்கையின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. மொய் நோட்டில் 5 வெள்ளி எழுதியவர் ஆயுள் முழுக்க 5 வெள்ளிக்காரராகவே அந்தக் குடும்பத்தின் நினைவில் நின்றுவிடுவார். இல்லாதவருக்கு அது ஒரு தண்டனை. மொய் செய்யக் கையில் காசில்லாமல் கல்யாணத்துக்கே வராமல் போனவர்களைப் பற்றியும் பாட்டி சொல்லியிருக்கிறார். பெயர் தெரியாத கியூஆர் அவர்களுக்கு ஒரு விடுதலை. ஆனால் அதே விடுதலையில், இன்னாருக்கு நாம் பட்டிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் போகிறது. பட்டிருப்பவர்கள்தான் சாவு வீட்டுக்கும் வருவார்கள்.

கடைசியில் சித்தப்பாதான் வழி கண்டுபிடித்தார். மண்டப வாசலில் பழையபடி ஒரு மேசை, ஒரு நோட்டு. கியூஆரில் போட்டவர்களும் அங்கே வந்து பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனார்கள், தொகை எழுதவில்லை. நான் செய்த பக்கத்தில் தொகை இருந்தது, பெயர் இல்லை. இரண்டையும் இணைக்கும் எண் எதுவும் கிடையாது. தரவுத்தளம் கட்டுகிறவனுக்கு இது அபத்தமான வடிவமைப்பு. யாரும் குறை சொல்லவில்லை.

பாட்டியிடம் இருக்கும் பழைய நோட்டுகள் மூன்று. பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த பள்ளிக்கூட நோட்டுகள். 1978இல் நடந்த ஒரு கல்யாணத்தின் பக்கங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து படித்தேன். பாதிப் பேருக்குப் பெயர் இல்லை. ஸ்டோர் கிராணி 10 வெள்ளி. மூணாம் தண்டல் 7 வெள்ளி. லோரி டிரைவர் வீடு 5 வெள்ளி, பால் டின் 2. திருப்பிச் செய்த வரிகளுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு. கோடு இல்லாத வரிகள் 11. அதில் ஒன்று, ஆயாக்கொட்டகை அக்கா, 3 வெள்ளி, கோழி 1.

"அந்தக் கோழிதான்டா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குப் போட்டது" என்றார் பாட்டி. தோட்டம் கைமாறியபோது அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஈப்போ என்றார்கள், சிலிம் ரிவர் என்றார்கள்.

"உன் போன்ல எல்லாரையும் தேடலாம்னு சொல்றியே. அவங்களத் தேடிப் பாரேன்."

"அவங்க பேரு என்ன பாட்டி?"

பாட்டி கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தார். "ஆயாக்கொட்டகை அக்கான்னுதான் கூப்புடுவோம்."